ஒடிந்த சில்லைத் தோண்டாதீர்கள்

ரப்பர் மரத்தில் பால் வடிய அடித்த தகரச் சில்லு முழுசாக நீட்டிக்கொண்டிருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள், அதுவும் காலாகாலத்தில் எடுத்துவிடுங்கள். ஆனால் அது ஒடிந்து உள்ளே போய்விட்டது என்றால் தோண்டாதீர்கள், அந்தத் துண்டை மரத்திடமே விட்டுவிடுங்கள். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் கொஞ்சம் ரப்பர் மரம் வைத்துப் பால் வெட்டிக்கொண்டிருக்கும் எனக்கு இது பழகிய விஷயம்தான், இருந்தாலும் இதை உட்கார்ந்து எழுதத் தோன்றியது அக்கா மகன் கனடாவிலிருந்து அனுப்பிய போட்டோக்களைப் பார்த்த பிறகு.

அவன் ஒட்டாவா பக்கத்தில் வீடு வாங்கியிருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பெரிய மேப்பிள் மரங்கள், எல்லாம் ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத தடி. முன்னால் இருந்தவர்கள் அதில் குழாய் அடித்து சாறு எடுத்திருக்கிறார்கள், போகும்போது குழாயைப் பிடுங்காமல் அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றிரண்டு பழைய உலோகக் குழாய், வாளி மாட்டுகிற கொக்கியோடு. மற்றதெல்லாம் பிளாஸ்டிக், அதிலும் இரண்டு பட்டையோடு பட்டையாக ஒடிந்து வாய் மட்டும் தெரிகிறது.

“மாமா, நம்ம தோட்டத்துல சில்லு பிடுங்குற மாதிரி இதையும் பிடுங்கிரலாமா? ஒடிஞ்சத உளி வச்சு எடுக்கட்டா?”

“உளிய கீழ வை மக்களே. முதல்ல மரத்த கிட்டத்துல காட்டு.”

வீடியோ காலில் பார்த்ததும் ஒன்று புரிந்தது. ரப்பரில் எனக்குத் தெரிந்ததை அப்படியே அங்கே சொன்னால் மரம் கெட்டுப்போகும். அப்புறம் அதைப் பற்றித் தேடிப் படித்தேன், அவனும் பக்கத்து வீட்டில் வருஷாவருஷம் அந்தச் சாற்றில் சிரப் என்கிற இனிப்புப் பாகு காய்ச்சுகிற பெரியவரிடம் கேட்டுச் சொன்னான். இரண்டு மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ரப்பரைப் பற்றியே எனக்குத் தெளிவு கூடியது.

மேப்பிளில் வருவது பால் இல்லை, தண்ணீர் மாதிரி தெளிந்த சாறு. குளிர்காலம் முடியும் சமயம், ராத்திரி உறைந்து பகலில் உருகுகிற அந்தச் சில வாரங்களில்தான் ஓடும். இனிப்பு சுமார் 2 சதவீதம்தான், அதனால் 40 லிட்டர் சாறு காய்ச்சினால் 1 லிட்டர் சிரப் கிடைக்கும். அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த அடுப்பு வேலை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பனையில் நாம் பாளையைத்தான் சீவுகிறோம், தடியைத் தொடுவதில்லை. ரப்பரில் பட்டையை மட்டும் சீவுகிறோம். மேப்பிளிலோ பட்டையைத் தாண்டி உள்ளே மரத்திலேயே துளை போடுகிறார்கள். முன்பு 11 மில்லிமீட்டர் அகலத்தில் போட்டது, இப்போது பெரும்பாலும் 8 மில்லிமீட்டர். ஆழம் 4 முதல் 5 சென்டிமீட்டர், உள்ளே போகப் போகக் கொஞ்சம் மேல்நோக்கி, சாறு தேங்காமல் வெளியே வடியும்படி. அந்தத் துளையில் குழாயை வைத்து லேசாகத் தட்டி இறுக்குவார்கள். உலோகக் குழாயும் பிளாஸ்டிக்கும் வருவதற்கு முன்னால் சுமாக் என்கிற செடியின் தண்டில் நடுச்சோற்றைத் தள்ளிவிட்டுக் குழாயாகச் செருகியிருக்கிறார்கள்.

ரப்பர் மரத்தில் பால் ஓடுகிற குழாய்கள் இருப்பது உள்பட்டையில். அதற்கும் உள்ளே, மரத்தோடு ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக ஒரு படலம் இருக்கிறது, கேம்பியம் என்பார்கள். வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உள்பக்கம் புது மரத்தையும் வளர்ப்பது அதுதான். நல்ல வெட்டுகாரர் அந்தப் படலத்துக்கு 1 மில்லிமீட்டர் வெளியே கத்தியை நிறுத்துவார். பால் குழாய்கள் அதிகம் இருப்பது அந்த இடத்தில்தான், அதனால் மேலோட்டமாக வெட்டினால் பால் வராது, கொஞ்சம் அதிகமாக இறங்கினால் படலம் காயப்பட்டுவிடும். படலம் பிழைத்திருக்கும் வரைக்கும் வெட்டின இடத்தில் மறுபட்டை வரும், சில வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வெட்டலாம். காயப்பட்டால் அங்கே முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், கத்தி ஓடாது. அதாவது ரப்பர் மரம் தன் பட்டையைத் திரும்பக் கட்டிக்கொள்ளும்.

மரத்துக்குள் விழுந்த துளையை எந்த மரமும் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் வாழ்நாள் முழுக்க மரங்களை நெடுக்காக அறுத்து அறுத்து இதைத்தான் பார்த்தார். காயம் பட்ட இடத்தை மரம் ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு, அதற்கு வெளியே புது மரத்தை வளர்க்கிறது. 1977-இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து வெளியிட்ட ஏட்டுக்குப் பிறகு மரத்துக்கு வைத்தியம் பார்ப்பவர்களின் கைப்பழக்கமே மாறியது. அதற்கு முன்னால் பொந்தைச் சுரண்டி, சுத்தம் செய்து, சிமெண்ட் பூசி அடைப்பார்கள். சுரண்டுகிறவன் மரம் எழுப்பிய சுவரையும் சேர்த்து உடைக்கிறான், அழுகல் அந்த வழியாகப் புது மரத்துக்குள் போகும் என்று ஷைகோ சொன்னார்.

ஒடிந்த குழாய்க்கும் கணக்கு இதுதான். துளை போட்ட அன்றே அந்த மரத்தில் காயம் விழுந்துவிட்டது. மரமும் சுவர் எழுப்பிவிட்டது. உள்ளே கிடக்கிற பிளாஸ்டிக் துண்டு புதிதாக எதையும் செய்யப் போவதில்லை, பட்டை மேலே மூடிக்கொண்டு வளரும். அதைத் தோண்ட உளியை வைத்தால் 8 மில்லிமீட்டர் துளை உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகும். இதைத்தான் அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆனால் விட்டுவிடுவதற்கு முன்னால் செய்து பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் ஒடிந்தாலும் அதன் நடு ஓட்டை அப்படியே இருக்கும். அந்த ஓட்டைக்குப் பிடிமானமாக ஒரு மர ஸ்குரூவை எடுத்து, கையால் மெதுவாகத் திருகி, பிளாஸ்டிக்கைக் கவ்வும் அளவுக்கு மட்டும் உள்ளே விட வேண்டும். அப்புறம் குறடால் ஸ்குரூவின் தலையைப் பிடித்து, துளை எந்தச் சாய்வில் போயிருக்கிறதோ அதே சாய்வில், கொஞ்சம் திருப்பிக்கொண்டே இழுத்தால் துண்டு அதோடு வந்துவிடும். ஸ்குரூ தடிமனாக இருந்தால் பிளாஸ்டிக் விரிந்து இன்னும் இறுகிப்போகும், உள்ளேயே பிளந்தாலும் பிளக்கும், அதனால் மெல்லியதில் தொடங்குவது நல்லது. அவனுக்கு ஒன்று அழகாக வந்தது, இன்னொன்றில் ஸ்குரூ மட்டும் பிளாஸ்டிக் தூளோடு வெளியே வந்தது. “விட்டுரு மக்களே” என்றேன், விட்டுவிட்டான்.

முழுசாக இருக்கும் குழாய்களுக்கு அங்கே ஒரு கருவியே விற்கிறார்கள், இரண்டு பல் உள்ள நெம்புகோல், குழாயின் கழுத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினால் நேராக வெளியே வரும். அது இல்லாவிட்டால் ஆணி பிடுங்குகிற சுத்தியல் போதும், ஆனால் சுத்தியல் மண்டைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நெம்பும் வேகத்தில் பட்டை நசுங்கிவிடும். பழைய உலோகக் குழாய் இறுகியிருந்தால் முதலில் குறடால் பிடித்து லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி இளக்கிக்கொண்டு பிறகு இழுக்கலாம். பக்கவாட்டில் அடிக்கக் கூடாது, ஒடிவதும் துளை ஓரம் கீறுவதும் அப்படி அடிப்பதால்தான். இன்னொன்று, உறைந்து கிடக்கும் நாளில் தொடவே கூடாது. மரமும் இளகாது, பிளாஸ்டிக்கும் குளிரில் சடக்கென்று முறியும். பனி உருகி மரம் ஈரமாக இருக்கும் நாளில்தான் வேலை.

எடுத்த துளையை அடைக்க வேண்டுமா என்று அக்கா கேட்டாள், அவளுக்கு ஓட்டையைப் பார்த்தால் பொறுக்காது. வேண்டாம். தார், மெழுகு, மரக்குச்சி எதுவும் வேண்டாம், திறந்தபடி விட்டால் காற்று பட்டு உலரும், நன்றாக வளரும் மரம் ஓரிரு வருஷத்தில் தானே மூடிவிடும். முன்னால் இருந்தவர்கள் சீசன் முடிந்ததும், மொட்டு பருக்கத் தொடங்கும்போதே பிடுங்கியிருந்தால் இத்தனை பாடும் இல்லை. வசந்தம் முடிந்து கோடை வந்தால் மரம் பருக்கத் தொடங்கும், துளையின் உதடு உள்நோக்கி வளர்ந்து குழாயைக் கவ்வும். ஒரு கோடை போனால் இறுக்கம், இரண்டு மூன்று போனால் கழுத்தே பட்டைக்குள் போய்விடும்.

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன். சில்லு, கம்பி, மழைக்கு மறைப்பாகக் கட்டுகிற ரெயின்கார்டின் பின் என்று நம் தோட்டங்களில் மரத்தில் சிக்கிக் கிடப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

சில்லு என்பது ஒரு விரல் நீளத் தகரம், நடுவில் வளைத்திருக்கும், வெட்டின சாலின் கீழ்முனையிலிருந்து பால் அதன் வழியாக இறங்கிச் சிரட்டைக்குள் விழும். அதை அடிக்கும்போது பட்டையில் மட்டும், சாய்வாக, பிடித்து நிற்கும் அளவுக்குத்தான் இறக்க வேண்டும். வேகமாக ஒரு அடி விழுந்தால் அது பட்டையைத் தாண்டிப் படலத்தில் உட்காரும். அப்படி உட்கார்ந்த சில்லைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. பிறகு தகரத்தின் இரண்டு ஓரத்திலும் பட்டை உதடு மாதிரி தடித்து மேலே ஏறும், நடுவில் கறுப்பாக ஒரு கோடு ஓடும், அந்த இடுக்கில் வடிந்த பால் உறைந்து ஒட்டுப்பால் அடைப்பாக நிற்கும். மழைக்காலத்தில் அந்த அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் தங்கும். நகத்தால் அடைப்பைக் கிளப்பினால் கறுத்த நீர் வழியும், நாற்றம் மூக்கைப் பிடிக்கும். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ஈரம் காய நேரமே கிடைப்பதில்லை, பட்டை அழுகலுக்கு அதைவிட வசதியான இடம் வேறு வேண்டாம்.

வெட்டு கீழே இறங்க இறங்க சில்லையும் கீழே இறக்கி அடிக்க வேண்டும், அப்போதே பழையதைக் கையோடு பிடுங்குவதுதான் சரி, அப்போது அது பட்டையில் லேசாகத்தான் பிடித்திருக்கும், இரண்டு விரலே போதும். எதிர்ப்பக்கம் வெட்டுக்கு மாறும்போதுதான் பெரும்பாலும் மறந்துபோகிறது, பழைய பக்கத்தில் சில்லும் கம்பியும் அப்படியே நிற்கும். நாலைந்து வருஷம் கழித்து மறுபட்டையில் வெட்ட அந்தப் பக்கம் திரும்பி வரும்போது கத்தி போய் தகரத்தில் இடிக்கும், தீட்டிய முனை மடங்கும், அந்த ஆத்திரத்தில் கத்தியாலேயே குத்திக் கிளப்புவார்கள், படலம் போய்விடும். வெட்டுகாரரைக் குறை சொல்லி என்ன, இருட்டோடு தலையில் லைட் கட்டிக்கொண்டு முந்நூறு நானூறு மரம் முடிக்க வேண்டியவருக்கு ஒவ்வொரு சில்லுக்கும் நின்று பார்க்க நேரம் ஏது. இது தோட்டக்காரன் பார்க்க வேண்டிய வேலை. இலை உதிர்ந்து தளிர் வரும்போது வெட்டை நிறுத்துகிறோமே, அந்த நாட்கள்தான் இதற்குத் தோது. மழை இல்லை, பட்டை காய்ந்திருக்கும், எடுத்த காயமும் சீக்கிரம் உலரும்.

இறுகின சில்லை எடுக்கும் விதம் இது. ஓரத்தில் ஏறியிருக்கும் பட்டையில் மேலே செத்த பொருக்கை மட்டும் கத்திமுனையால் சீவ வேண்டும், பால் பொட்டு வைத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பின்னால் இருக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுத்தால் பாதி இறுக்கம் போய்விடும். அப்புறம் குறடால் நுனியைப் பிடித்து, இடமும் வலமும் அரை அரை விரல்கடை அசைத்து, அடித்த சாய்விலேயே வெளியே இழுக்க வேண்டும். மேலே தூக்கி நெம்பினால் தகரம் மடிந்து பட்டையைச் செதிலோடு பெயர்க்கும். வந்த பிறகு காயத்தில் மிச்சமிருக்கும் ஒட்டுப்பாலைச் சுத்தமாக எடுங்கள், அதை வைத்து மூடினால் அடியில் அழுகுவது கண்ணுக்குத் தெரியாது. மழை நாளாக இருந்தால் மேங்கோசெப் என்கிற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கலந்து கழுவிவிட்டு, உலர்ந்த பின் ரப்பருக்கென்றே விற்கும் காயப்பூச்சைத் தடவலாம். மேப்பிளுக்குப் பூச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே பூசச் சொல்கிறேனே என்று கேட்கலாம். அங்கே துளை மரத்துக்குள் இருக்கிறது, அடைத்தால் ஈரம் உள்ளே மாட்டும். இங்கே காயம் பட்டையில், மறுபட்டை வரும் வரைக்கும் வெறும் படலம் வெயிலும் மழையும் படாமல் இருக்க வேண்டும்.

தகரம் துருப்பிடித்து உள்ளே ஒடிந்துபோனால் மேப்பிளுக்குச் சொன்னதுதான். குறடுக்கு நுனி கிடைத்தால் இழுக்கலாம், கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு, அந்த இடத்துக்கு நேராகப் பட்டையில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். கத்தி வரும்போது வெட்டுகாரர் பார்த்துக்கொள்வார்.

கம்பி இதைவிட மோசம். சிரட்டை தாங்க மரத்தைச் சுற்றிக் கட்டுகிற கம்பியில் ஸ்பிரிங் இருந்தால் மரம் பருக்கப் பருக்க அதுவும் விரிந்துகொடுக்கும். முறுக்கி இறுக்கிக் கட்டின வெறும் கம்பி விரியாது, மரம்தான் அதைச் சுற்றி வீங்கும். இலையில் உருவாகிற உணவு பட்டை வழியாகத்தான் கீழே வேருக்கு இறங்குகிறது, கம்பி கழுத்தை நெரிக்கும் இடத்தில் அது தடைப்படும். கம்பி முழுசாகப் புதைந்து மேலே வரப்பு மாதிரி பட்டை எழும்பின மரங்களை எங்கள் பக்கத்தில் எத்தனையோ பார்க்கலாம். அதைச் சுற்றிலும் கொத்திக் கம்பியை எடுக்கப் போனால் மரத்துக்கே வளையம் வெட்டினது மாதிரி ஆகிவிடும். வெளியே தெரியும் இடங்களில் கம்பியைக் கட்டிங் பிளையரால் நறுக்குங்கள், இரண்டு மூன்று இடத்தில் நறுக்கினால் இறுக்கம் விட்டுப்போகும். உருவி வருகிற துண்டை உருவிக்கொண்டு, வராததை விட்டுவிடலாம். வருஷத்துக்கு ஒரு தடவை கம்பியை ஒரு சுற்று தளர்த்திக் கட்டினாலே இதெல்லாம் வராது.

2017 நவம்பர் கடைசியில் ஒகி புயல் அடித்து நம் மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் கூட்டம் கூட்டமாக முறிந்தபோது தடி ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்கும். மரத்துக்குள் இரும்பு கிடக்கும் தடியை மில்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். பிளேடு ஆணியில் பட்டால் பல் தெறிக்கும், ஆள் பக்கத்தில் நிற்கிற வேலை அது. ரப்பர் மரம் இருபத்தைந்து முப்பது வருஷம் வெட்டி முடித்த பிறகு தடியாகத்தான் விலை போகிறது, அந்த விலைதான் சின்னத் தோட்டக்காரனுக்கு மறுநடவுக்குக் கை கொடுக்கிறது. வெட்டு நடக்கும் அடித்தடிதான் தடியில் பருமனான பாகம், சில்லும் கம்பியும் பின்னும் புதைந்து கிடப்பதும் அதே நாலு அடியில்தான். கடும்வெட்டுக்கு, அதாவது மரத்தை அறுப்பதற்கு முன்னால் மிச்சப் பாலையெல்லாம் எடுக்கிற கடைசி வெட்டுக்கு, மரத்தைக் கொடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும், அந்தக் கடைசிக் காலத்தில் ஏணி வைத்து மேலேயும் சில்லு அடிப்பார்கள், முடித்துப் போகும்போது ஒன்றையும் பிடுங்க மாட்டார்கள். ஒப்பந்தம் பேசும்போதே சில்லும் கம்பியும் எடுத்துத் தர வேண்டும் என்று பேசிக்கொள்ளலாம், நான் அப்படித்தான் பேசுகிறேன், யாரும் மறுத்ததில்லை.

அக்கா மகனுடைய மரங்களுக்கு அறுப்பு இப்போதைக்கு இல்லை. வருகிற சீசனில் தானும் சாறு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான், எடுக்கட்டும். பழைய துளை ஒவ்வொன்றுக்கும் மேலேயும் கீழேயும் மரத்துக்குள் நெடுக ஒரு பழுப்புப் பட்டை ஓடியிருக்கும், மரம் சுவர் கட்டி ஒதுக்கின செத்த பாகம் அது, பக்கவாட்டில் குறைவு, நீளவாக்கில் அதிகம். அதில் துளை போட்டால் ஒரு சொட்டு வராது, சுவரும் உடையும். அதனால் பழைய துளைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் போகாமல், நன்றாகப் பக்கவாட்டில் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். துளை போடும்போது வெளியே வரும் தூளைப் பார்க்கவும் சொன்னேன், வெள்ளையாக வந்தால் உயிருள்ள மரம், பழுப்பாக வந்தால் அது பழைய காயம், அதோடு நிறுத்திவிட வேண்டும். துண்டு உள்ளே கிடக்கிற அந்த ஒரு இடத்தில் மட்டும் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தான், மழையில் அழிந்துவிடும் என்று பெயிண்ட் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.